கடல் அலையில் மின்சாரம் எடுப்பது எப்படி, அது ஏன் இவ்வளவு கஷ்டம்?

கடலிலிருந்து மின்சாரம் என்ற பேச்சு எழுந்தாலே இரண்டு விதமான குரல்கள் கேட்கும். ‘அத்தனை அலை சும்மா அடித்துக்கொண்டிருக்கிறதே, ஒரு கருவியைக் கொண்டுபோய் வைத்தால் மின்சாரப் பஞ்சமே தீர்ந்துவிடாதா?’ என்பது ஒன்று. ‘ஐம்பது வருஷமாக இதையேதான் சொல்கிறார்கள், எல்லாம் வெறும் பேச்சு’ என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு. அலையில் சக்தி இருக்கிறதா என்பதில் சந்தேகமே கிடையாது, கணக்குப் போட்டே காட்டலாம். அந்தச் சக்தி வந்து சேரும் விதம்தான் மின்சாரம் தயாரிக்கும் இயந்திரத்துக்குக் கொஞ்சமும் ஒத்துவராதது. இந்தப் பொருத்தமின்மையைப் பிடித்துக்கொண்டால் போதும், கடலில் மிதக்கும் கருவிகள் ஏன் அப்படி விசித்திரமான உருவங்களில் இருக்கின்றன என்பது தெளிவாகிவிடும்.

## ஓதம் வேறு, அலை வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கடல் மட்டம் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்ல ஏறி இறங்குவது ஓதம். சந்திரனும் சூரியனும் ஈர்ப்பதால் வருவது. பிரான்சில் ரான்ஸ் ஆற்று முகத்துவாரத்தில் 1966-லிருந்து இயங்கும் 240 மெகாவாட் நிலையமும், தென் கொரியாவின் சிவா ஏரியில் 2011-ல் தொடங்கிய 254 மெகாவாட் நிலையமும் ஓத மின்நிலையங்கள். தடுப்பணை கட்டி, மட்ட வித்தியாசத்தில் டர்பைனைச் சுற்றுகிறார்கள். அணைக்கட்டு மின்சாரத்துக்கு நெருங்கிய சொந்தம் அது.

அலை அப்படியல்ல. சில நொடிகளுக்கு ஒருமுறை வந்துபோவது, காற்றால் உண்டாவது. ஓத மின்நிலையத்தின் வெற்றியைக் காட்டி அலைக் கருவி சுலபம் என்று சொல்வதும், அலைக் கருவி ஒன்று உடைந்ததைக் காட்டி ‘கடல் மின்சாரமே வேலைக்கு ஆகாது’ என்று சொல்வதும் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருபவை. இந்தக் கட்டுரை முழுவதும் அலையைப் பற்றி மட்டும்தான்.

## அலை பிறப்பது காற்றில்

வெயில் பூமியை எல்லா இடத்திலும் ஒரே அளவில் சூடாக்குவதில்லை, அதனால் காற்று வீசுகிறது. காற்று கடல்மேல் உரசிக்கொண்டு போகும்போது சிற்றலைகள் எழும். அவை எழுந்துவிட்டால் காற்றுக்குப் பிடிமானம் கிடைத்துவிடும், இன்னும் பலமாகத் தள்ளும். எவ்வளவு வேகமாக, எவ்வளவு நேரம், எவ்வளவு தூரத்துக்குத் தடையில்லாமல் வீசுகிறது என்ற மூன்றும்தான் அலையின் அளவைத் தீர்மானிக்கின்றன. குளத்தின்மேல் புயலே அடித்தாலும் ஆளுயர அலை வராததற்குக் காரணம் மூன்றாவது: அங்கே தூரம் போதாது.

காற்று நின்ற பிறகும் அலை நிற்பதில்லை. 1963-ல் வால்டர் மங்க் என்ற கடலியல் அறிஞரும் அவர் குழுவினரும் நியூசிலாந்திலிருந்து அலாஸ்கா வரை வரிசையாக அளவுமானிகளை வைத்து, தென் கடலின் புயல்களில் பிறந்த அலைகள் பசிபிக் முழுவதையும் கடந்து வடக்கே வந்து சேர்வதைப் பதிவு செய்தார்கள். பல ஆயிரம் கிலோமீட்டர் பயணம், வழியில் இழக்கும் சக்தியோ ரொம்பக் கொஞ்சம்.

அலைச்சக்தியின் நல்ல குணம் இதில்தான் இருக்கிறது. பெரிய கடல் ஒன்று பல நாள் காற்றை வாங்கிச் சேமித்து, கரைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. இங்கே காற்று ஓய்ந்தாலும் அலை வரும். எங்கே புயல் உருவாகியிருக்கிறது என்று தெரிந்தால், எப்போது எவ்வளவு அலை வரும் என்பதைச் சில நாள் முன்னதாகவே கணித்துவிடலாம்.

## தண்ணீர் வருவதில்லை, சக்திதான் வருகிறது

கரைக்குக் கொஞ்சம் தள்ளி மிதக்கும் ஒரு மரத்துண்டைக் கவனித்தால் ஒன்று தெரியும். அலை அதைத் தூக்கும், சற்று முன்னே கொண்டுபோகும், இறக்கும், பின்னே இழுத்துவிடும். அலை கரைக்குப் போய்விட, மரத்துண்டு ஏறக்குறைய பழைய இடத்திலேயே இருக்கும். ஆழ்கடல் அலையில் ஒவ்வொரு நீர்த்துளியும் இப்படி வட்டமடிக்கிறது. பயணம் செய்வது தண்ணீர் அல்ல, சக்தி.

இங்கே ஐந்து சொற்களைத் தெரிந்துகொள்வோம். அலையின் உச்சி முகடு. இரண்டு முகடுகளுக்கு நடுவே இருக்கும் தாழ்வு பள்ளம். பள்ளத்திலிருந்து முகடு வரை அலை உயரம். ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வரும் வரை ஆகும் நொடிகள் அலை நேரம். இரண்டு முகடுகளுக்கு இடையே உள்ள தூரமான அலைநீளம், ஆழ்கடலில் அலை நேரத்தைப் பொறுத்தது. 8 நொடி அலைக்கு அது சுமார் 100 மீட்டர்.

மேற்பரப்பில் வட்டத்தின் விட்டம் அலை உயரத்துக்குச் சமம். கீழே போகப் போக வட்டம் வேகமாகச் சுருங்கிவிடும். அலைநீளத்தில் பாதி ஆழத்துக்குப் போனால், மேலே இருந்த அசைவில் நூற்றில் நான்கு பங்குதான் மிஞ்சும். ஆகவே சக்தி முழுவதும் மேல்பரப்பை ஒட்டியே இருக்கிறது, கருவியும் அங்கேதான் இருந்தாக வேண்டும். கடலின் மிகக் கரடுமுரடான இடமும் அதுவே.

## எவ்வளவு கிடைக்கும்?

அலைச்சக்தியை ஒரு மீட்டர் அகலத்துக்கு இத்தனை கிலோவாட் என்று அளப்பார்கள். முகட்டின் நீளவாக்கில் ஒரு மீட்டர் எடுத்துக்கொண்டால் அதன் வழியாக எவ்வளவு கடந்துபோகிறது என்று பொருள். ஆழ்கடலுக்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது: அலை உயரத்தை அதே எண்ணால் பெருக்கி, அலை நேரத்தாலும் பெருக்கி, இரண்டால் வகுக்க வேண்டும். எல்லா அலையும் ஒரே உயரம் இருக்காது என்பதால், பெரியவையாக இருக்கும் மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி உயரத்தை எடுத்துக்கொள்வது வழக்கம்.

உயரம் 2 மீட்டர், நேரம் 8 நொடி என்றால் மீட்டருக்குச் சுமார் 16 கிலோவாட். உயரம் 4 மீட்டர், நேரம் 10 நொடி என்றால் 80 கிலோவாட். உயரம் இரட்டித்து, நேரமும் கொஞ்சம் கூடியதும் சக்தி ஐந்து மடங்காகிவிட்டது. இந்தக் கணக்கை மறக்க வேண்டாம், பின்னால் இதுவே நமக்கு எதிராகத் திரும்பப்போகிறது.

மேலைக்காற்று ஓயாமல் வீசும் 40 முதல் 60 டிகிரி வரையான அட்சரேகைகளில் அலைச்சக்தி அதிகம். ஸ்காட்லாந்து, அயர்லாந்து, போர்ச்சுகல், சிலி, தென் ஆஸ்திரேலியா என்று இந்தத் துறையில் அடிக்கடி அடிபடும் பெயர்களெல்லாம் அந்தக் காற்றின் வழியில் இருப்பவை.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: காற்று கடலுக்குக் கொடுத்த சக்தி, மேல்பரப்பை ஒட்டி, தண்ணீரை இடம் மாற்றாமல் பயணம் செய்கிறது. உயரம் கூடினால் அது பல மடங்கு கூடுகிறது. அடுத்த கேள்வி, அதை எப்படிப் பிடிப்பது?

## ஊஞ்சலிடமிருந்து வேலை வாங்குவது

ஊஞ்சலை ஆட்டுகிறவருக்கு நேரம் தெரிய வேண்டும். அது தன் போக்கில் போகும் நொடியில் லேசாகத் தள்ளினாலே உயரமாகப் போகும். நேரம் தப்பினால் எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் பிரயோஜனமில்லை. ஆடும் பொருள் ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு ஆட்ட நேரம் உண்டு, அதற்கு இசைவாகத் தள்ளும்போது ஆட்டம் பெரிதாகும். இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர்.

இப்போது அதே ஊஞ்சலைத் திருப்பி யோசிப்போம். வேறொருவர் ஆட்டுகிறார், நாம் அந்த ஆட்டத்திலிருந்து வேலை வாங்க வேண்டும், உதாரணமாக ஒரு பம்பை இயக்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் ஊஞ்சல் நின்றுவிடும், வேலை நடக்காது. கையை எடுத்துவிட்டால் ஜோராக ஆடும், அப்போதும் நமக்கு ஒன்றும் கிடைக்காது. அசையவும் விட்டு, அளவாகத் தடுக்கவும் வேண்டும்.

அலைக் கருவி செய்வது முழுக்க இதுதான். அலை மிதவையை ஆட்டுகிறது, மிதவையோடு இணைந்த பம்போ ஜெனரேட்டரோ அளவாகத் தடுக்கிறது. சிக்கல் என்னவென்றால், சிறிய மிதவை இயல்பாகத் துள்ளும் நேரம் சில நொடிகள்தான், வரும் அலையோ 8, 10 நொடி. அதுவும் இன்று 7 நொடி, நாளை 12 நொடி என்று மாறிக்கொண்டே இருக்கும். நார்வேயின் ட்ரான்ட்ஹைமில் செல் பூடால், யோஹான்னஸ் ஃபால்னஸ் என்ற இரு இயற்பியலாளர்கள் இதற்கு ஓர் அழகான வழி சொன்னார்கள். முகட்டிலும் பள்ளத்திலும் மிதவையைக் கணநேரம் பிடித்து நிறுத்தி, சரியான தருணத்தில் விட்டுவிட வேண்டும். மிதவையின் துள்ளல் அலையின் தாளத்துக்கு வந்துவிடும்.

ஃபால்னஸ் வலியுறுத்திய இன்னொரு கருத்துதான் இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது: அலையை நன்றாக விழுங்கும் கருவி, அலையை நன்றாக எழுப்பும் கருவியாகவும் இருந்தாக வேண்டும். முதலில் கேட்கும்போது முரணாகத்தான் தோன்றும். யோசித்தால் வேறு வழியே இல்லை. கருவியைக் கடந்து போகும் அலை சிறுத்துப்போனால்தானே கருவி சக்தியை எடுத்திருக்கிறது என்று பொருள்? ஓர் அலையைச் சிறுக்க வைக்க, அதன் முகட்டில் பள்ளமும் பள்ளத்தில் முகடும் விழும்படி இன்னோர் அலையை எழுப்ப வேண்டும். ஆடும் மிதவை அதைத்தான் செய்கிறது.

ஆச்சரியமான விளைவு ஒன்றும் இதில் உண்டு. மேலும் கீழும் ஆடும் ஒரு சிறு மிதவை, தன் அகலத்தைவிட அதிகமான அகலத்திலிருந்து சக்தியை இழுத்துக்கொள்ள முடியும். கோட்பாட்டின்படி அதன் உச்சவரம்பு, அலைநீளத்தைச் சுமார் 6.28-ஆல் வகுத்தால் வருவது. 100 மீட்டர் அலைக்கு 16 மீட்டர். நடைமுறையில் இந்த வரம்பைத் தொடுவது மிகக் கடினம், ஆனாலும் ‘இவ்வளவு சின்ன மிதவையில் என்ன வந்துவிடும்?’ என்ற கேள்விக்கு இதுவே பதில்.

எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் சால்ட்டர் உருவாக்கிய ‘வாத்து’ இதே கொள்கைக்கு உருவம் கொடுத்தது. 1973 எண்ணெய் நெருக்கடியை ஒட்டிப் பிறந்த கருவி அது, 1974-ல் அதைப் பற்றிய கட்டுரை வெளியானது. வாத்தின் அலகு போன்ற முன்பக்கம் அலையைப் பார்த்தபடி தலையாட்டும். பின்பக்கம் உருண்டையாக இருப்பதால், எவ்வளவு ஆடினாலும் பின்னால் புது அலை எழாது. ஆய்வகத்தின் குறுகிய தொட்டியில் அது வந்த அலையில் சுமார் 90 சதவீதத்தை எடுத்துக்கொண்டது, வாத்துக்குப் பின்னால் தண்ணீர் ஏறக்குறைய அசையாமல் கிடந்தது.

## அரை மீட்டர் வேகம், இருபது டன் இழுப்பு

பிடித்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். பெரிய தலைவலி இனிமேல்தான்.

2 மீட்டர் உயர, 8 நொடி அலையில் மிதவை 2 மீட்டர் ஏறி 2 மீட்டர் இறங்குகிறது. 8 நொடியில் 4 மீட்டர், அதாவது நொடிக்குச் சராசரியாக அரை மீட்டர். நாம் நடக்கும் வேகத்தில் பாதிகூட இல்லை. திறன் என்பது விசையை வேகத்தால் பெருக்கி வருவது, ஆகவே வேகம் குறைந்தால் விசை கூடியே தீர வேண்டும். இந்த வேகத்தில் 100 கிலோவாட் எடுக்க வேண்டுமானால் சுமார் 20 டன் எடைக்குச் சமமான விசை தேவை. சாதாரண ஜெனரேட்டர் எதிர்பார்ப்பதோ இதற்கு நேரெதிர்: லேசான முறுக்கு, நிமிடத்துக்கு 1,500 சுற்று, அதுவும் ஒரே திசையில், சீராக. அலை கொடுப்பது மெதுவான, பலமான, முன்னும் பின்னுமான அசைவு. மிதவை உச்சியிலும் அடியிலும் நின்று திரும்புகிறது, அந்த நொடியில் திறன் பூஜ்யம். 8 நொடிக்குள் இரண்டு முறை மின்சாரம் எழுந்து விழுந்தால் எந்த மின்கட்டமைப்பு ஏற்றுக்கொள்ளும்?

பல கருவிகள் ஹைட்ராலிக் முறையைக் கையாள்கின்றன. மிதவை ஒரு பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் எண்ணெயை அழுத்தத்தோடு ஒரு தொட்டிக்கு அனுப்பும், தொட்டியில் அடைபட்டிருக்கும் வாயு அந்த அழுத்தத்தைத் தாங்கி வைத்திருக்கும். அங்கிருந்து எண்ணெய் சீராக வெளியேறி மோட்டாரைச் சுற்றும். ஏற்ற இறக்கம் தொட்டிக்குள்ளேயே அடங்கிவிடும். பல கருவிகளை அருகருகே வைத்தாலும் ஒன்று எழும்போது மற்றொன்று இறங்கி, கூட்டுத்தொகை ஓரளவு சமனாகும்.

## பிடிக்கும் விதங்கள்

காற்றாலை என்றால் மூன்று இறக்கை என்று உலகம் ஒரே முடிவுக்கு வந்துவிட்டது. அலைக் கருவியில் அப்படி ஒரு முடிவு இன்னும் வரவில்லை. தண்ணீர் மேலும் கீழும், முன்னும் பின்னும் அசைகிறது, கூடவே அழுத்தமும் மாறுகிறது. எதைப் பிடித்தாலும் ஒரு கருவி செய்துவிடலாம்.

மிகவும் எளிமையானதும் அதிக வயதானதும் ஊசலாடும் நீர்த்தூண் வகை. கான்கிரீட்டில் ஓர் அறை, அதன் அடிப்பக்கம் கடலுக்குள் திறந்திருக்கும். அலை வரும்போது அறைக்குள் தண்ணீர் ஏறி உள்ளே இருக்கும் காற்றை மேலே உள்ள துவாரம் வழியாக வெளியே தள்ளும், அலை இறங்கும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். துவாரத்தில் டர்பைன். மெதுவான அலை, குறுகிய துவாரத்தில் வேகமான காற்றாக மாறிவிடுகிறது. கியர் எதுவுமில்லாமலே வேகம் கூடிவிட்டது, டர்பைனும் உப்புத்தண்ணீரில் முங்குவதில்லை. ஜப்பானின் யோஷியோ மசுதா இந்த முறையில்தான் கடல்வழி காட்டும் மிதவை விளக்குகளுக்கு மின்சாரம் கொடுத்தார்.

காற்று ஒரு தடவை வெளியேயும் மறு தடவை உள்ளேயும் வீசுகிறதே, டர்பைன் திசை மாறி மாறிச் சுற்றாதா? சுற்றாது. பெல்ஃபாஸ்டின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆலன் வெல்ஸ் 1970-களின் பிற்பகுதியில் உருவாக்கிய வெல்ஸ் டர்பைனின் இறக்கைகள் மேலும் கீழும் ஒரே வடிவம் கொண்டவை, சாய்வில்லாமல் தட்டையாகப் பொருத்தப்பட்டவை. ஓடிக்கொண்டிருக்கும்போது காற்று மேலிருந்து வந்தாலும் கீழிருந்து வந்தாலும் இறக்கையில் எழும் விசையின் ஒரு பகுதி முன்னோக்கியே இருக்கும். குறையும் உண்டு: நின்ற நிலையிலிருந்து கிளம்பத் திணறும், காற்று மிகப் பலமானால் திறன் சட்டென்று விழுந்துவிடும். ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் 2000-ல் இயங்கத் தொடங்கிய லிம்பெட், ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் 2011-ல் திறக்கப்பட்ட முத்ரிகு நிலையம் ஆகியவை இவ்வகை. கேரளத்தின் விழிஞ்ஞத்தில் சென்னை ஐஐடி முன்னின்று அமைத்து 1991-ல் இயங்கிய 150 கிலோவாட் சோதனை நிலையமும் இதே குடும்பம்தான்.

மற்றவற்றைச் சுருக்கமாகப் பார்க்கலாம். கடலடியில் கட்டிய நங்கூரத்துக்கும் மேலே துள்ளும் மிதவைக்கும் இடையிலான அசைவைப் பயன்படுத்துவது மிதவை வகை. நீளமான உருளைகளைக் கீல் வைத்துக் கோத்து, அலை கடக்கும்போது மூட்டுகள் வளைவதிலிருந்து சக்தி எடுப்பது பாம்பு வகை. பெலாமிஸ் அப்படிப்பட்டது. கடலடியில் கீல் போட்ட பெரிய கதவு முன்னும் பின்னும் அசைவது கதவு வகை, ஆய்ஸ்டர் அதற்கு உதாரணம். அலையைச் சரிவில் ஏறவிட்டு, மேலே உள்ள தேக்கத்தில் ததும்பி விழச் செய்து, அந்தத் தண்ணீர் இறங்கும்போது டர்பைனைச் சுற்றுவது இன்னொரு வகை. நார்வேயில் 1985-ல் கட்டிய டாப்சானும் டென்மார்க்கின் வேவ் டிராகனும் அதைச் செய்தன.

## புயல் போடும் கணக்கு

இப்போது அந்தப் பழைய கணக்குக்குத் திரும்புவோம். சாதாரண நாளில் 2 மீட்டர், 8 நொடி: மீட்டருக்கு 16 கிலோவாட். புயலில் 10 மீட்டர், 14 நொடி: 700 கிலோவாட். நாற்பது மடங்குக்கும் மேல். கருவி சம்பாதிப்பது அந்தப் பதினாறில், உயிர் பிழைக்க வேண்டியது அந்த எழுநூறில். புயலுக்குத் தாங்கும்படி எஃகைக் கொட்டிக் கட்டினால் செலவு எகிறிவிடும், சாதாரண நாள் வருமானம் அதற்கு ஈடு கொடுக்காது. சிக்கனமாகக் கட்டினால் ஒரே புயலில் போய்விடும். என்னைக் கேட்டால், இந்தத் துறையின் சரித்திரத்தையே இந்த இரண்டு எண்களுக்குள் எழுதிவிடலாம்.

நார்வேயில் டாப்சானுக்குப் பக்கத்திலேயே பாறைமுகத்தில் நின்ற நீர்த்தூண் நிலையத்தை 1988-ல் ஒரு புயல் பிய்த்துக்கொண்டு போனது. 1995-ல் ஸ்காட்லாந்துக் கரையருகே ஆஸ்ப்ரே என்ற கருவியை நிறுவும்போதே அலை சேதப்படுத்தி, அது மூழ்கிப்போனது. பெலாமிஸ் கருவிகள் மூன்று 2008-ல் போர்ச்சுகலின் அகுசதோராவில் மின்சாரம் கொடுக்கத் தொடங்கின, ஒவ்வொன்றும் 750 கிலோவாட். சில மாதங்களிலேயே தொழில்நுட்பக் கோளாறும் முதலீட்டாளரின் பண நெருக்கடியும் சேர்ந்து அவற்றைத் துறைமுகத்துக்குத் திருப்பிவிட்டன. அந்த நிறுவனம் 2014-லும், ஆய்ஸ்டரைச் செய்த நிறுவனம் 2015-லும் செயல்பாட்டை நிறுத்தின.

இவற்றைக் கேலிக்குரிய தோல்விகளாகப் பார்ப்பது நியாயமில்லை. எப்படித் தப்பிப்பது என்பதைப் பொறியாளர்கள் ஒவ்வொன்றிலும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். பெலாமிஸ் பேரலையை எதிர்க்காமல் ஊடுருவிப் போகும்படி ஒல்லியாக இருந்தது. ஆய்ஸ்டர் ஆழம் குறைந்த இடத்தில் வைக்கப்பட்டது, ஏனென்றால் மிகப் பெரிய அலைகள் அங்கே வருவதற்குள் உடைந்து பலமிழந்துவிடும். ஸ்வீடனின் கோர்பவர் நிறுவனம் 2023-ல் அதே அகுசதோராவில் இறக்கிய மிதவை, ஊஞ்சல் கணக்கையே தலைகீழாகப் பயன்படுத்துகிறது: நல்ல நாளில் அலையோடு தாளம் சேரும், புயலில் வேண்டுமென்றே தாளம் தப்பி அசையாமல் இருந்துகொள்ளும். அந்த ஆண்டின் புயல்களில் 18 மீட்டருக்கும் உயரமான அலைகளை அது தாங்கி நின்றது.

ஆகச் சிக்கல்கள் மூன்று: மாறிக்கொண்டே இருக்கும் தாளம், மெதுவான ஆனால் மிகப் பலமான அசைவு, எப்போதோ வந்து எல்லாவற்றையும் உடைக்கப் பார்க்கும் புயல்.

## கருவியின் எண்ணை எப்படிப் படிப்பது

‘750 கிலோவாட் கருவி’ என்றால் எப்போதும் 750 கிலோவாட் கொடுக்கும் என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அது உச்ச அளவு, நல்ல அலை இருக்கும்போது கொடுக்கக்கூடியது. கிலோவாட் என்பது திறன், ஒரு மணி நேரம் ஒரு கிலோவாட் ஓடினால் ஒரு யூனிட். 750 கிலோவாட் வருடம் முழுக்க இடைவிடாமல் ஓடினால் சுமார் 66 லட்சம் யூனிட் வரும். சராசரியாகக் கால் பங்கு திறனில்தான் ஓடியது என்றால் 16 லட்சத்துச் சொச்சம். புதிய கருவி பற்றிய செய்தியில் உச்ச அளவு கட்டாயம் இருக்கும். தேட வேண்டியது வருடத்தில் எத்தனை யூனிட் கொடுத்தது, எத்தனை குளிர்காலம் கடலில் நின்றது என்ற இரண்டையும்தான்.

அந்த வகையில் முத்ரிகு எனக்குப் பெரிய நம்பிக்கை தருகிறது. ஒவ்வொன்றும் 18.5 கிலோவாட் வீதம் 16 டர்பைன்கள், மொத்தம் 296 கிலோவாட். உலகை மாற்றும் எண் அல்ல. ஆனால் துறைமுகத்தைக் காக்க எப்படியும் ஓர் அலைத்தடுப்புச் சுவர் கட்ட வேண்டியிருந்தது, அந்தச் சுவருக்குள்ளேயே அறைகளை அமைத்துவிட்டார்கள். கட்டுமானச் செலவில் பெரும்பங்கைத் துறைமுகமே ஏற்றுக்கொண்டாயிற்று. நங்கூரமும் கிடையாது, கடலடிக் கேபிளும் கிடையாது. ஒரு டர்பைன் பழுதானால் மற்ற பதினைந்தும் ஓடிக்கொண்டிருக்கும், பழுது பார்ப்பவர் கப்பலுக்கும் நல்ல வானிலைக்கும் காத்திராமல் சுவரின் உள்ளே நடந்தே போய்ச் சேரலாம்.